கல்வாழைக்கு வந்த தேமல்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் அலிப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவு. ஆண்டு மலருக்காகப் பேச்சாளரே எழுதித் தந்தது.)



இந்த மேடையில் இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் இசையைப் பற்றியும் பேசிய அறிஞர் பலர். நான் புலவன் அல்லேன். தாவர நூல் பயின்றவனும் அல்லேன். பகலெல்லாம் அலுவலகத்துக் கோப்புகளோடு கழித்துவிட்டு, மாலையில் மண்வெட்டியோடு சிறிது நேரம் நிற்பவன். அத்தகைய என்னைப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் கல்வாழைச் செடிகள் வீட்டுக்கு வீடு கெட்டு அழிந்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்குக் காரணம் மழையுமன்று, மண்ணுமன்று. நானே காரணம். தவற்றை எடுத்துச் சொல்லும் கடமை அதைச் செய்தவனுக்கே முதலில் உரியது அன்றோ? அந்தக் கடமையைச் செய்யவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

கல்வாழையை அறியாத தமிழர் இலர். நம் ஊர் வீடுகளின் கொல்லைப்புறத்தில், கிணற்றடி நீர் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில், சேம்போடு சேர்ந்து நிற்கும் செடி அது. இலை வாழையிலையைப் போன்றது. விதை கல்லைப் போன்றது. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. எனினும் இன்று நம் நாட்டில் இது இல்லாத பூங்கா இல்லை. வங்காளத்து மக்கள் இதனைக் ‘கலாவதி’ என்பர். ‘சர்வஜயா’ என்றும் அழைப்பர். சர்வஜயா என்றால் எல்லாவற்றையும் வெல்பவள் என்பது பொருள். வைகாசி வெயிலை வெல்வாள். ஆடி மழையில் தேங்கும் நீரை வெல்வாள். நம்முடைய கவனக்குறைவையும் வெல்வாள். அத்தகைய சர்வஜயாவையும் வென்றுவிடும் பகை ஒன்று உண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அலிப்பூரில் வாழும் நமக்கு இச்செடியிடம் தனி உறவு உண்டு. வில்லியம் கேரி 1820ஆம் ஆண்டில் தோற்றுவித்த அக்ரி-ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டியின் தோட்டம் நம் அலிப்பூரில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே நடைபெறும் மலர்க் காட்சிக்கு நம்மில் பலர் குழந்தைகளோடு சென்று வருகிறோம். அச்சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றிய சிட்னி பெர்சி-லங்காஸ்டர் என்பவர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், கல்வாழையில் புதிய கலப்பினங்கள் பலவற்றை உண்டாக்கிப் புகழ்பெற்றவர். ஆகவே கல்வாழையை வளர்ப்பது இந்த ஊருக்கு ஏற்ற செயல் என்று நான் பெருமை கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலையோரச் செடி வியாபாரி ஒருவரிடம் கல்வாழை ஒன்றைக் கண்டேன். அதன் பச்சை இலையில், நரம்புகளை ஒட்டி மஞ்சள் கீற்றுகள் ஓடின. “புது ரகம்” என்றார் அவர். அவரும் அறியாமலே சொல்லியிருக்கக் கூடும். நான் மகிழ்ந்து வாங்கி வந்து வாசலில் நட்டேன். இரண்டு மழைக்காலத்தில் அது பெருகிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்க்கெல்லாம் கிழங்கைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்ததாக நினைவு.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவர் இன்றும் இக்கூட்டத்தில் அமர்ந்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கணவரோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மன்னார்குடிப் பக்கத்திலுள்ள தம் பிறந்தகத்துக் கொல்லையிலிருந்து ஒரு கல்வாழைக் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து இரயிலில் கொண்டு வந்தவர் அவர். அந்தப் பிறந்தகம் இன்று இல்லை, விற்றாகிவிட்டது. கொல்லையும் இல்லை. அங்கிருந்து வந்த செங்கல்வாழை மட்டும் அலிப்பூரில் அவர் வாசலில் புதராக நின்று, ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் என்னை அழைத்து, “தம்பி, புதர் அடர்ந்து போய்விட்டது, கொஞ்சம் பிரித்து நட்டுக் கொடுப்பா” என்றார். அன்று காலையில் என் வீட்டுச் செடியைப் பிரித்த அதே கத்தியை, மண்ணை மட்டும் தட்டிவிட்டு எடுத்துச் சென்று, அவருடைய செடியையும் பிரித்து நட்டேன்.

அடுத்த ஆண்டு அந்தச் செங்கல்வாழையின் இலைகளில் மஞ்சள் கீற்றுகள் தோன்றின. பிறகு கீற்றுகள் பழுப்பாகிக் கருகின. பூவின் சிவப்பில் வெளிறிய கோடுகள் விழுந்தன. குருத்து முறுக்கிக்கொண்டு வந்தது. எரு போதவில்லை என்று எண்ணிக் கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். பயனில்லை. தோட்டக்கலை பயின்ற அன்பர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இது பசியன்று, நோய். வைரஸ் நோய். இதற்கு மருந்து கிடையாது. பிடுங்கிவிடுங்கள்” என்றார். பிறகு என் வீட்டு வாசலில் நின்ற ‘புது ரக’த்தைப் பார்த்தார். நோய் எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நான் அம்மையாரிடம் சென்று நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். “செடிதானே தம்பி, பிடுங்கிவிடு” என்றார். நான் மண்வெட்டியை எடுத்தபோது அவர் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலையே இந்நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படக் கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வைரஸ் என்பது பூச்சியுமன்று, பூஞ்சணமுமன்று. புகையிலைச் செடியின் இலையில் தேமல் போலப் படரும் நோயை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் இவனாவ்ஸ்கி, நோயுற்ற இலையின் சாற்றைப் பாக்டீரியாவும் நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த பிறகும் அந்தச் சாறு நோயை உண்டாக்கிற்று என்பதை அவர் 1892இல் வெளியிட்டார். 1898இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்யெரிங்க், இது புதுவகையான தொற்றுப்பொருள் என்று நிறுவினார். அந்தப் புகையிலை வைரஸ் ஒன்றின் நீளம் 300 நானோமீட்டர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இது செடியின் உயிரணுவுக்குள் புகுந்து, அந்த உயிரணுவைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. சாற்றோடு செடி முழுவதும் பரவிக் கிழங்கிலும் தங்கிவிடுகிறது. ஆகையால் கெட்ட இலையைக் கிள்ளி எறிவதனால் நோய் போகாது. தெளிக்கும் மருந்து எதுவும் அதை நீக்காது. இந்நோய் மனிதரைப் பற்றாது. ஆகவே தாய்மார்கள் குழந்தைகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

கல்வாழையைப் பற்றும் வைரஸ்கள் பல. மஞ்சள் தேமலை உண்டாக்கும் கல்வாழை வைரஸை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1970களின் பிற்பகுதியில் கண்டறிந்தனர். அவரைச் செடிகளில் மஞ்சள் தேமலை உண்டாக்கும் மற்றொரு வைரஸும் கல்வாழையைப் பற்றுவது உண்டு. இதனை அசுவினிப் பூச்சிகள் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. ஆனால் பூச்சியைக் காட்டிலும் பெரிதாக இந்நோயைப் பரப்புகிறவன் மனிதனே. கிழங்கைப் பிரித்து நடுவது நம் வழக்கம். ஒரு தாய்ச் செடிக்கு நோய் இருந்தால், அதிலிருந்து பிரித்த நூறு செடிக்கும் அதே நோய் இருக்கும்.

நோயை அழகு என்று எண்ணி ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதை அறிந்தபோது, எனக்குச் சிறிது ஆறுதலும் பெரிதும் வியப்பும் உண்டாயின. ஹாலந்து நாட்டில் 1630களில் துலிப் மலர்க் கிழங்குகளைச் செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார்கள். தீச்சுடர் போன்ற கோடுகள் ஓடிய மலர்களுக்கே விலை மிகுதி. அக்கோடுகள் நோயின் அடையாளம் என்பதும், அது கிழங்கிலிருந்து கிழங்குக்குத் தொற்றுவது என்பதும் 1928இல்தான் இங்கிலாந்தில் டாரதி கேலி என்னும் அம்மையாரின் ஆராய்ச்சியால் தெளிவாயின. அண்மைக் காலத்திலும் இதுவே நடந்தது. ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளிலிருந்து மேல்நாடுகளுக்குச் சென்ற ‘ஹோஸ்டா’ என்னும் இலையழகுச் செடி ஒன்று உண்டு. 1996இல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் அதைப் பற்றும் வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும், நோயால் இலையில் மை சிந்தியது போல் கறைபட்ட செடிகளைப் புதிய இரகங்கள் எனக் கருதி, அழகிய பெயர்கள் சூட்டி விற்றிருக்கிறார்கள். அந்த வைரஸ் பரவியதும் பிரித்து நடுவதாலும், சாறு பட்ட கத்தியாலும் கையாலுமே.

இது பொழுதுபோக்குச் செடிக்கு வரும் தொல்லைதானே என்று சிலர் எண்ணலாம். கல்வாழையின் பெயரிலேயே வாழை இருக்கிறது. தாவர நூலார் வகுப்பிலும் இவை இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வாழைக்கு வந்த துன்பத்தைக் கேளுங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்தின் தனிச்சுவைக்குக் காரணமான விருப்பாட்சி மலைவாழையை நீங்கள் அறிவீர்கள். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் அது பெருவாரியாக விளைந்தது. முடிக்கொத்து நோய் என்னும் வைரஸ் நோய் அங்கே புகுந்து, தோட்டந் தோட்டமாக அழித்தது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும், குலை வராது. 1940 அளவில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்த இந்நோய், வாழைக் கன்றுகளோடும் அசுவினியோடும் மலையேறிற்று. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்குரிய மலைவாழையோ முன்பிருந்த பரப்பில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. குருத்தின் நுனியை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் நோயின்றி வளர்த்த கன்றுகளைக் கொண்டு அதனை மீட்கும் பணி நடந்து வருகிறது.

மீட்க முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. ஃபிஜித் தீவிலிருந்து வந்த கன்றுகளோடு இதே நோய் 1913 அளவில் அங்கே புகுந்தது. 1920களில் பல மாவட்டங்களில் வாழைத்தொழில் அழிவின் எல்லைக்கே சென்றது. மேகீ என்னும் ஆராய்ச்சியாளர், நோயைப் பரப்புவது அசுவினியே என்று கண்டறிந்தார். அவர் புதுமருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோயுற்ற மரத்தை ஒவ்வொருவரும் தவறாமல் அழிக்க வேண்டும், நோயற்ற இடத்துக் கன்றையே நட வேண்டும் என்னும் ஒழுங்கை வகுத்துத் தந்தார். அரசு சட்டம் செய்தது. ஆய்வாளர்கள் தோட்டந்தோறும் சென்றார்கள். வாழை மீண்டும் தழைத்தது. அண்டை வீட்டான் பிடுங்காமல் விட்டால் நான் பிடுங்குவதில் பயனில்லை. இது ஒருவர் தனித்துச் செய்யக் கூடிய காரியமன்று. ஊர் கூடிச் செய்ய வேண்டியது.

இனி நோயை எவ்வாறு அறிவது என்று பார்ப்போம். எல்லா மஞ்சளும் நோயன்று. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. எரு இட்டால் தேறும். இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இலையின் ஓரம் மட்டும் கருகினால் வெயிலும் வறட்சியும் காரணமாகலாம். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி இருந்தால் அது துருநோய் என்னும் பூஞ்சண நோய். வைரஸ் உண்டாக்கும் மஞ்சளோ ஒழுங்கற்றது. ஓர் இலையில் மிகுந்தும் மற்றோர் இலையில் குறைந்தும், இலையின் ஒரு பாதியில் இருந்து மறுபாதியில் இல்லாமலும் காணப்படும். நரம்பை ஒட்டி விட்டுவிட்டுக் கீற்றுகள் ஓடும், பிறகு பழுப்பாகும். பூவின் நிறத்தில் கோடு விழும். செடி ஆண்டுக்காண்டு குட்டையாகும். காலை வேளையில் இலையின் பின்புறம் சூரியன் இருக்குமாறு தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

இயற்கையிலேயே வரியுள்ள கல்வாழைகளும் உண்டு. ‘பெங்கால் டைகர்’ என்னும் வரிப்புலி இலை இரகத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் மஞ்சள் வரிகள் எல்லா இலையிலும் ஒரே சீராக, கோலமிட்டது போல் இருக்கும்; செடியும் வலுவாக இருக்கும். கோலத்துக்கும் கறைக்கும் உள்ள வேறுபாடு நம் பெண்மணிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாத காலம் உண்டு. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றை அனுபவித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலே இல்லாதவரும் பிறருக்கு நோயைக் கொடுத்தார் அல்லவா? செடிக்கும் அதே கதைதான். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குரிய ஐந்து வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, புதிதாக வரும் செடியைத் தனியே வைத்தல். இரயில்வேயில் பழுது கண்ட வாகனை வண்டியிலிருந்து கழற்றி, ‘சிக் லைன்’ என்னும் தனிப்பாதையில் நிறுத்துவார்கள்; அதை நல்ல வாகன்களோடு ஓட விடுவதில்லை. நாமோ ஒரு படி மேலே செல்ல வேண்டும். புதுச் செடி நல்லதாகத் தோன்றினாலும் ஒரு மழைக்காலம் முழுவதும் தனித்தொட்டியில், மற்றவற்றுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கத்தித் தூய்மை. ஒரு செடியை வெட்டிய கத்தியை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லுமுன், ஒட்டிய சாறும் மண்ணும் போகச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் கலந்த கலவையில் சில நிமிடம் முக்கி, நல்ல நீரில் கழுவித் துடைக்க வேண்டும். இரண்டு கத்திகள் இருந்தால் ஒன்று ஊறும்போது மற்றொன்றால் வேலை செய்யலாம். கைகளையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, பூச்சிகளை அடக்குதல். அசுவினியும் மாவுப்பூச்சியும் இலையடியிலும் குருத்திலும் ஒளிந்திருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அவை குறையும். இது பரவலைத் தடுக்குமேயன்றி, நோயுற்ற செடியைக் குணப்படுத்தாது.

நான்காவது, நோயுற்றதைத் தயங்காது அகற்றுதல். பிடுங்குமுன் சோப்பு நீர் தெளித்துப் பூச்சிகளைக் கொல்ல வேண்டும்; இல்லையேல் அவை பக்கத்துச் செடிக்குக் குடிபெயரும். கிழங்கின் சிறு துண்டும் மண்ணில் தங்காதபடி தோண்டி எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும், எருக்குழியில் போடலாகாது. அந்த இடத்தில் மீண்டும் முளை வந்தால் அதையும் எடுக்க வேண்டும். ஓராண்டுக் காலம் அங்கே கல்வாழை வேண்டாம்.

ஐந்தாவது, ஐயமுள்ள செடியை எவருக்கும் கொடாதிருத்தல். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல நம் நாக்கு எழாது. கொடுப்பது நல்ல குணம். ஆனால் நான் கொடுத்த ஒன்பது கிழங்குகளும் அன்போடு கொடுத்தவையே என்பதை நினைவில் வையுங்கள். நோய்க்கு ஏறிச் செல்ல வண்டி வேண்டும். என் அன்பே அதற்கு வண்டியாயிற்று.

அன்பர்களே, அந்த ஒன்பது வீடுகளுக்கும் நான் நேரில் சென்று, நடந்ததைச் சொல்லிச் செடிகளைப் பிடுங்கினேன். ஒரு வீட்டில் மட்டும் மறுத்தார்கள். “நன்றாகத்தானே பூக்கிறது” என்றார்கள். இரண்டு மாதம் சென்று அவர்களே அழைத்தார்கள். சென்ற மழைக்காலம் முழுவதும் நம் குடியிருப்பில் நோயுள்ள கல்வாழை ஒன்றையும் நான் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

இன்னும் ஒரு செய்தி. அம்மையாரின் மகள் பல ஆண்டுகளுக்கு முன்பே, என் கத்தி படுவதற்கு முன்பே, அந்தச் செங்கல்வாழையில் ஒரு கிழங்கைக் கரக்பூருக்குக் கொண்டு சென்றிருந்தார். அது அங்கே நோயின்றிப் பூத்துக்கொண்டிருக்கிறதாம். இதை அறிந்ததும் நான் ஓடிச் சென்று, “அம்மா, நானே போய் வாங்கி வருகிறேன்” என்றேன். அவர் சிரித்தார். “அவசரம் வேண்டாம் தம்பி. முதலில் இங்கே எல்லார் வீடும் சரியாகட்டும். அப்புறம் வரட்டும்” என்றார். அந்தக் கிழங்கை வரவழைப்பதற்கு நாம் தகுதியுடையவர்களாக வேண்டும் என்பதே அதன் பொருள் என்று நான் கொள்கிறேன்.

ஆகவே இச்சபையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டு விழாவில் செடிகளை மாற்றிக்கொள்ளும் நம் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒரு மழைக்காலம் தனியே வைத்துப் பார்த்த செடியையே கொண்டு வருவது என்று முடிவு செய்வோம். கத்தி கழுவுவதற்கு ஒரு வாளிக் கரைசலும் விழாப் பந்தலின் வாயிலில் இருக்கட்டும். அதற்குக் காவலாக நானே நிற்கிறேன். வருகிற மழைக்காலத்துக்குப் பிறகும் நம் வாசல்கள் நோயின்றி இருக்குமானால், கரக்பூருக்குச் செல்லும் வேலையை எனக்குத் தாருங்கள்.